கல்யாணக் கேசட்டும் பழைய டியூனர் கார்டும்

"பழைய டிவி டியூனர் கார்டெல்லாம் லினக்ஸ்ல ஓடாதுங்க" என்று, கம்ப்யூட்டருக்குள் செருகி டிவி பார்க்கிற அந்தக் கார்டுகளைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால், என்னென்ன கார்டு செருகியிருக்கிறது என்று காட்டும் எல்எஸ்பிசிஐ கமாண்டை டெர்மினலில் போட்டுப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். டிவி வரவில்லை, அதனால் லினக்ஸ் சரியில்லை. அவ்வளவுதான் தீர்ப்பு.

எனக்கு இதில் நேர் எதிரான கருத்து. அந்தக் கார்டுகளைக் கடைசிவரை கைவிடாமல் வைத்திருப்பது லினக்ஸ்தான். கைகழுவியது, பெட்டியில் பளபளப்பாகப் படம் போட்டு விற்றவர்கள்.

முதலில், இப்போது எதற்கு அந்தக் கார்டு? கேபிள் டிவி டிஜிட்டல் ஆவதற்கு 2012-இல் பெருநகரங்களில் ஆரம்பித்து, 2017 மார்ச்சில் நாடு முழுக்கக் கெடு முடிந்தது. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அந்த டியூனர் பிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கார்டின் பின்பக்கம் மஞ்சள் சாக்கெட் ஒன்று இருக்கிறதே, அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வீடியோ டெக்கை அதில் செருகினால், பரணில் கிடக்கும் கல்யாணக் கேசட், காதுகுத்துக் கேசட் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும்.

"எதுக்குப்பா இவ்ளோ வேலை? ஸ்டுடியோவுல குடுத்தா சாயங்காலமே பென்டிரைவுல போட்டுத் தர்றான்" என்பார் சித்தப்பா. தருகிறார்கள்தான். அப்படி வந்த ஒரு ஃபைலை நான் பார்த்தேன். இறுக்கிச் சுருக்கியதில் மணமேடைக்குப் பின்னால் நிற்கும் சொந்தக்காரர்கள் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. கேசட்டில் அந்த முகங்கள் தெளிவாகவே இருந்தன.

சரி, கார்டுக்கு வருவோம். 2000-களில் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்த, மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் கார்டுகளில் பெரும்பாலும் இரண்டே சிப்புக் குடும்பம்தான்: புரூக்ட்ரீ பிடி878, இல்லாவிட்டால் பிலிப்ஸ் எஸ்ஏஏ7130/7134. இரண்டுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. எஸ்ஏஏ7134 டிரைவரை எழுதியவர் சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தில் இருந்த கெர்ட் க்னோர். பிடி சிப்புக்கான பிடிடிவி டிரைவரையும் நெடுநாள் பராமரித்தவர் அவர்தான்.

பிறகு ஏன் ஓடுவதில்லை? சிப்பு ஒன்றுதான், ஆனால் அதைச் சுற்றிய வயரிங் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிப்பின் எந்தக் காலில் காம்போசிட் (அந்த மஞ்சள் சாக்கெட் வீடியோ) வருகிறது, ஆடியோவை எந்த சுவிட்ச் திருப்புகிறது, டியூனர் எது என்பதெல்லாம் டிரைவருக்குத் தெரிய வேண்டும். ஒழுங்கான கார்டில் ஈப்ராம் என்ற குட்டி மெமரி சிப்பு இருக்கும், "நான் இன்ன மாடல்" என்று அதில் எழுதியிருக்கும். மலிவு கார்டுகளில் அந்த ஈப்ராமே இருக்காது, இருந்தாலும் காலியாக இருக்கும். சில ரூபாய் மிச்சம் பிடிக்கிற புத்தி! அப்படிப்பட்ட பிலிப்ஸ் சிப்புக் கார்டைச் செருகி, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பார்த்தால் சப்சிஸ்டம் 1131:0000 என்று வரும். 1131 என்பது பிலிப்ஸின் எண், அதற்குப் பின்னால் வெறும் சைபர். கூடவே போர்டு "அன்நோன்/ஜெனரிக்", கார்டு எண் 0 என்றும் சொல்லும். டிரைவர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்கிறது. இதைப் போய் "ஓடவில்லை" என்கிறோம்.

செய்ய வேண்டியது, போர்டில் அச்சடித்திருக்கும் மாடல் பெயரை வைத்து, கெர்னல் ஆவணங்களில் உள்ள கார்டு பட்டியலில் பொருந்துகிற எண்ணைத் தேடுவது. டிரைவர் மாட்யூலைக் கழற்றிவிட்டு அந்த எண்ணோடு மறுபடி ஏற்ற வேண்டும். சரியாக வந்தால் மாட்யூலை ஏற்றும் மாட்புரோப் கருவியின் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. டிவி பார்க்கிற காலத்தில் டியூனர் வகையையும் சேர்த்துத் தேடி மண்டை காய வேண்டும். கேசட்டுக்கு அந்தத் தலைவலி இல்லை, டியூனர் பக்கமே போக வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் டெக்கை ஒரு சாதாரண டிவியில் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஹெட்டில் அழுக்கு இருந்தால் எந்த டிரைவரும் ஒன்றும் செய்ய முடியாது. கேசட்டின் ஜன்னல் வழியாக வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள், ஹெட்டும் சேர்ந்து போகும்.

படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். அரக்குக் கூறைப்புடவை சாம்பல் நிறத்தில் நிற்கிறது. கார்டு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்புட்டில் காம்போசிட்டுக்குப் பதில் எஸ்-வீடியோ தேர்வாகியிருக்கும், இல்லையென்றால் டிவி சிக்னல் முறையில் 'பால்' இருக்க வேண்டிய இடத்தில் என்டிஎஸ்சி இருக்கும். நம் ஊர்க் கேசட் 'பால்' முறை. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் என்றால்தான் என்டிஎஸ்சி. வி4எல்2-சிடிஎல் என்ற கருவியில் இரண்டையும் மாற்றிப் பாருங்கள், புடவை சிவந்துவிடும்.

அடுத்தது சத்தம். படம் ஓடும், நாதஸ்வரம் கேட்காது. 7134 சிப்பு ஆடியோவை பிசிஐ வழியாகவே கொடுக்கும், ஆனால் 7130-க்கு அந்த வசதி கிடையாது. கார்டின் ஆடியோ அவுட்டிலிருந்து சவுண்ட் கார்டின் லைன்-இன்னுக்கு ஒரு சின்ன வயர் போட வேண்டும். டெக்கின் ஆடியோவை நேராகவே லைன்-இன்னில் செருகினாலும் சரி. வயர் போட்டும் சத்தம் இல்லையா? சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அல்சாமிக்சரை டெர்மினலில் திறங்கள். லைன் என்ற கம்பத்துக்குக் கீழே எம்எம் என்று இருந்தால் மியூட்டில் இருக்கிறது. கீபோர்டில் எம் எழுத்தைத் தட்டினால் அது ஓஓ என்று மாறும். காதில் கேட்க இது போதும். ரெக்கார்ட் ஆக வேண்டுமென்றால் கேப்சர் பக்கத்திலும் லைனைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

புது மதர்போர்டில் பிசிஐ ஸ்லாட் கிடையாதே, யுஎஸ்பி கேப்சர் குச்சி வாங்கலாமே என்றால் வாங்கலாம். ஆனால் அங்கேயும் அதே கதை. ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி பிளாஸ்டிக், உள்ளே வேறு வேறு கம்பெனிகளின் சிப்பு. எஸ்டிகே1160 வந்தால் நிம்மதி, சோமேஜிக் வந்தால் ஃபர்ம்வேர் தேடி அலைய வேண்டும். வாங்குகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

கார்டோடு வந்த சிடியை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் விண்டோஸ் எக்ஸ்பி வரைக்கும்தான் டிரைவர். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை என் கார்டு பிறக்கவே இல்லை. இந்தப் பக்கம், கெர்னலில் வீடியோபஃப் என்ற பழைய கட்டமைப்பைத் தூக்கியபோது பிடிடிவியும் அதோடு போயிருக்க வேண்டியது. 2023-இல் ஒருவர் உட்கார்ந்து அதைப் புதிய கட்டமைப்புக்கு மாற்றி எழுதினார். விற்ற கம்பெனியே மறந்துவிட்ட சிப்புக்கு! சோர்ஸ் கோட் திறந்து கிடந்ததால்தான் அது முடிந்தது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

கேப்சர் செய்ய உட்காருகிறவர்களுக்கு: 720-க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம், சுருக்காமல் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 75 ஜிபி ஆகிவிடும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் எஃப்எஃப்வி1 கோடெக் போடுங்கள், தரம் குறையாமல் அளவு நன்றாக இறங்கும். தாலி கட்டும்போது கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் தனித்தனியாக எடுக்கப்பட்டதன் அடையாளம், கார்டில் கோளாறு இல்லை. மூல ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு, வாட்ஸாப்புக்கு அனுப்புகிற காப்பியில் மட்டும் அந்தக் கோடுகளை நீக்கும் யாடிஃப் ஃபில்டர் போட்டால் போதும்.

உங்கள் கார்டு வம்பு செய்தால் எல்எஸ்பிசிஐ வரியையும் டிமெஸ்ஜியில் வருவதையும் கமென்டில் போடுங்கள், பார்க்கலாம். "ஓடல சார்" என்று மட்டும் போட்டால் பதில் சொல்ல மாட்டேன்.