காணப்பட்டதா, கண்டேனா?

நேற்று ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் முதல் வரைவைக் கொண்டுவந்தாள். குளச்சல் பக்கத்துக் கரமடியில், அதாவது கரையில் நின்று வடம் பிடித்து இழுக்கும் பெரிய வலையில், படும் மீன்களைப் பற்றியது. மாதக்கணக்கில் விடியுமுன் கடற்கரைக்குப் போனவள். வடம் இழுக்கிறவர்களோடு சேர்ந்து தானும் இழுத்திருக்கிறாள். தண்ணீரின் நிறத்தையும் பறவைகள் விழும் இடத்தையும் வைத்து நெத்திலி எங்கே நிற்கிறது என்று அவளுக்குக் காட்டித் தந்தவர் அங்குள்ள ஒரு பெரியவர். ஏட்டில் இதெல்லாம் ஒரே வரி: 'சாம்பிள்ஸ் வேர் கலெக்டட்' (மாதிரிகள் சேகரிக்கப்பட்டன). அவளும் இல்லை, பெரியவரும் இல்லை.

"நீதானே மக்ளே போய் நின்ன?" என்று கேட்டேன்.

"'ஐ', 'வி' போட்டா சயின்ஸ் ஆகாதுன்னுதானே சார் சொல்லித் தந்தாங்க?"

எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். 'நான்' வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் அடித்தார்கள். நானும் நம்பி, எத்தனையோ பிள்ளைகளின் ஏட்டில் அதே மாதிரி அடித்திருக்கிறேன். அது தப்பு என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

அறிவியல் ஆங்கிலம் தொடக்கத்தில் அப்படி இருந்ததில்லை. லண்டனில் 1665இல் 'பிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' தொடங்கியபோது அதில் வந்தவற்றில் பல, ஒருவர் இன்னொருவருக்கு எழுதிய கடிதங்கள். ஒளியையும் நிறத்தையும் பற்றி நியூட்டன் எழுதி 1672இல் அச்சான கட்டுரையும் கடிதம்தான். பட்டகம் ஒன்று வாங்கினேன், அறையை இருட்டாக்கினேன், ஜன்னல் கதவில் சின்னத் துளை போட்டேன், நிறங்களைப் பார்க்க முதலில் இன்பமாக இருந்தது என்றே சொல்லிப் போகிறார். இன்று ஒரு பிள்ளை இப்படி எழுதினால் நாம் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

ஆள் மறைந்தது பிறகுதான். யார் செய்தாலும் அதே விடை வர வேண்டும், ஆகவே செய்தவர் முக்கியமில்லை என்ற எண்ணம் வலுத்தது. அதில் நியாயம் உண்டு. அறிமுகம், முறை, முடிவு, விவாதம் என்ற நான்கு கட்டு அமைப்பு பொது வழக்காக நிலைத்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அந்த நூற்றாண்டிலும் எல்லாரும் ஒளிந்துகொள்ளவில்லை. 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. கட்டுரையை 'நாங்கள்' என்றுதான் தொடங்கினார்கள். செய்வினையில் எழுதுங்கள் என்று 'நேச்சர்' இதழே இப்போது ஆசிரியர்களிடம் சொல்கிறது. நம் பக்கத்தில்தான் அந்தச் சிவப்பு மை இன்னும் காயவில்லை.

தமிழில் 'கண்டேன்' என்றாலே கண்டவர் உள்ளே இருக்கிறார். அந்த மொழியில் யோசிக்கும் பிள்ளையை 'காணப்பட்டது' என்று மாற்றச் சொல்லும்போது, தான் கண்டதற்குத் தானே பொறுப்பு என்ற உணர்வையும் சேர்த்துப் பிடுங்குகிறோம்.

'நானை' அடித்துவிட்டால் அடக்கம் வந்துவிடும் என்பதும் இல்லை. பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பில் உள்ள கட்டுரைச் சுருக்கங்களில் 'நாவல்' (புதுமையானது), 'ரோபஸ்ட்' (உறுதியானது) போன்ற ஆங்கிலப் புகழ்ச்சிச் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். 1974-80இல் 2 விழுக்காடு சுருக்கங்களில் இருந்தவை 2014இல் 17.5 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தன. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் ஆய்வுக் கட்டுரைகளில் 'டெல்வ்' (ஆழ்ந்து ஆராய்தல்) என்ற சொல் திடீரென்று பெருகியது. இந்த வரைவிலும் அது நான்கு இடத்தில் இருந்தது. கடற்கரையில் நின்ற ஒருத்திக்கு அந்தச் சொல் எதற்கு?

வரைவைத் திருப்பிக் கொடுத்தேன். எந்த மாதம், எந்தக் கரை, எத்தனை மணிக்குப் போனாய், மீன் எங்கே நிற்கிறது என்று யார் காட்டினார், எல்லாவற்றையும் 'ஐ' போட்டே எழுது என்றேன். பெரியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் முறைப் பகுதியிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். தேர்வாளர் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.