புறங்கையும் 21 கிலோமீட்டரும்

அந்த ஸ்கிரீன்ஷாட் எனக்கும் வந்துருச்சு. இதுவரைக்கும் ஒன்பது பேர் அனுப்பிட்டீங்க, "பாத்தியா, உன்னைப் பத்திதான்"னு ஒரு வரியும் சேர்த்து. பாத்தேன். அந்த வாட்ஸ்அப் குழுவுல நானும் இருக்கேன் சாமி. சர்க்கரை நோய் வந்த ஏழைப் பிள்ளைங்களுக்காக 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓடி நன்கொடை திரட்டுறேன்னு நான் போட்ட லிங்க்குக்குக் கீழேயே, நாலு நிமிஷம்கூட ஆகல, "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா"ன்னு போட்டு, பக்கத்துல ஓடுற பொம்மை ஒண்ணையும் வெச்சிருந்தார் அண்ணன். அதுக்குச் சிரிச்சவங்க இருபத்தேழு பேர். லிங்க்கைத் தொட்டவங்க மூணு பேர்.

அண்ணன் பேரைப் போட மாட்டேன். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் உக்காந்தேன். நான் ஓடுறதுக்காகக் காசு கேக்கல. காசு கேக்குறதுக்காகத்தான் ஓடுறேன். இது ரெண்டும் வேற வேற. எத்தனை தடவை சொன்னாலும் சில பேருக்கு ஏறவே மாட்டேங்குது.

ஓட்டத்துக்கான நுழைவுக் கட்டணம் நான் கட்டினது. ஷூ தீபாவளி போனஸ்ல வாங்கினது, அந்த வருஷம் புடவை எடுக்கல. வாழைப்பழம், எலக்ட்ரால், முழங்கால் புடிச்சுக்கிட்டப்ப போன பிசியோ, எல்லாம் என் சம்பளம். லிங்க்கை அழுத்தினா பணம் நேரா அறக்கட்டளையோட கணக்குக்குப் போகுது, ரசீது உங்க மெயிலுக்கு வருது. எனக்கு வர்றது "உங்கள் பக்கத்தில் ஒருவர் நன்கொடை அளித்துள்ளார்"னு ஒரு குறுஞ்செய்தி. தேனே என் கைக்கு வரல. அப்புறம் புறங்கைக்கு எங்கேர்ந்துண்ணே வரும்?

என் அக்கா பொண்ணுக்கு ஒன்பது வயசுல டைப் 1 சர்க்கரை நோய்னு கண்டுபிடிச்சாங்க. ரெண்டு வாரத்துல குழந்தை பாதியா இளைச்சு, ராத்திரி நாலு தடவை எந்திரிச்சுத் தண்ணி குடிச்சா. ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு ராத்திரி சொந்தக்காரங்க என்ன கேட்டாங்க தெரியுமா? "சாக்லேட் நெறைய குடுத்தியா?" எங்க அக்கா இன்னிக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவா. சாக்லேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சுடுது. பிள்ளை தப்பு இல்ல, அம்மா தப்பு இல்ல. வெளியேர்ந்து இன்சுலின் போட்டாத்தான் உயிர், அதுவும் ஆயுசு முழுக்க. 1922 ஜனவரியில டொரண்டோவுல பதினாலு வயசுப் பையன் ஒருத்தனுக்கு முதல்முதலா இன்சுலின் போட்டாங்க. அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுப் போட்டு நாளைத்தான் தள்ளினாங்க. கண்டுபிடிச்சவங்க காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் குடுத்துட்டாங்க. அந்த ஒரு டாலர் கதையைக் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கும் அக்கா வீட்டுல ஃப்ரிட்ஜ் கதவைத் தொறந்தா அவ கண்ணுக்குத் தெரியறது விலைதான்.

ஒரு நாளைக்கு நாலு ஊசி. விரல்ல குத்திப் பாக்குறது நாலஞ்சு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் சர்க்கரை அளவு பாக்குற ஸ்ட்ரிப் ஒண்ணு. அக்காவும் மாமாவும் எப்படியோ சமாளிக்கிறாங்க. சமாளிக்க முடியாத வீடுகள்ல ஸ்ட்ரிப்பை மிச்சம் புடிக்கிறாங்க, குத்து மதிப்பா ஊசி போடுறாங்க. அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்காகத்தான் இந்த லிங்க். இதை முதல் பதிவுலயே எழுதினேன். யாரும் படிக்கல போல. ஓடுற பொம்மை மட்டும் எல்லாருக்கும் கண்ணுல பட்டிருக்கு.

சரி, கேக்குறதைப் பத்திச் சொல்றேன். எனக்குக் கேக்க வராது. ஆட்டோக்காரர்கிட்ட மீதி பத்து ரூபாய் கேக்கவே வாய் வராத ஆள் நான். முதல் மெசேஜைப் பதினோரு தடவை எழுதி அழிச்சேன். "உங்களால் இயன்ற"ன்னு ஆரம்பிச்சா கோயில் உண்டியல் மாதிரி இருக்கு. "ஹாய், எப்படி இருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சா ஆறு வருஷம் பேசாதவ கடன் கேக்க வந்த மாதிரி இருக்கு. கடைசியில ராத்திரி பத்தே முக்காலுக்கு அனுப்பிட்டு, போனைக் கவுத்து வெச்சுட்டு, அரிசி டப்பாவுல பூச்சி இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துல எவளாவது அரிசி டப்பாவைப் பாப்பாளா?

நீல டிக் விழுந்து ஒரு மணி நேரம் ஆகியும் பதில் வரலைன்னா எப்படி இருக்கும்னு, அனுப்பிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். என் கல்யாணத்துக்குத் தோழியா நின்னவ நீல டிக்கோட நிக்கிறா, இன்னிக்கு இருபத்தி ரெண்டாவது நாள். முதல் ஆளா அஞ்சாயிரம் போட்டது யாருன்னா, என்னை ஒரு காலத்துல பாத்ரூம்ல போய் அழ வெச்ச பழைய மேனேஜர். ஒரு வார்த்தை எழுதல. நன்றி சொன்னேன், அதுக்கும் பதில் இல்ல. இப்ப அந்த மனுஷனை என்ன பண்றதுன்னே தெரியல, நிம்மதியா வெறுக்கக்கூட முடியல.

ஒரு நண்பர், நன்கொடைக்கு வருமான வரியில கிடைக்கிற 80ஜி வரிக்கழிவு கிடைக்குமான்னு மூணு நாள் விசாரிச்சார். அறக்கட்டளைக்கு நானே போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். அப்புறம் சொல்றார், "நான் புது வரி முறைக்கு மாறிட்டேன்மா, அதுல இந்தக் கழிவே கிடையாது." நல்லதுங்க.

காலையில நாலரைக்கு மடிப்பாக்கத்துல ஓடிப் பாருங்க. நாய்ங்களுக்குப் பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு இடுப்புப் பையில வெச்சுக்கிட்டுத்தான் கிளம்பணும். நவம்பர் மழையில எங்க தெருவுல எங்க குழி எங்க ரோடுன்னு தெரியாது, அதனால ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னுக்கு மட்டும் வண்டியைப் போட்டுக்கிட்டு பெசன்ட் நகர் போயிடுவேன். அங்கேர்ந்து திருவான்மியூர், திரும்பி உடைஞ்ச பாலம் வரைக்கும், மறுபடி எலியட்ஸ் பீச். சென்னைப் புழுக்கத்துல மூணாவது கிலோமீட்டர்லயே சட்டை பிழியற மாதிரி ஆயிடும். கோலம் போடுற அம்மா ஒருத்தங்க தினமும் நிறுத்திக் கேப்பாங்க, "ஏம்மா, சுகரா?" ஆமாம்மா, ஆனா எனக்கில்ல.

பக்கத்துல வர்றவங்ககிட்ட பேச முடியற வேகத்துல ஓடுன்னு கோச் சொல்லியிருக்கார். பக்கத்துல யாரும் வர்றதில்ல. அதனால நான் காசு கேட்டுப் பழகுறேன். "வணக்கம் சார், ஒரு சின்ன விஷயம்…"னு கடலைப் பாத்துக் கேட்டுக்கிட்டே ஓடுறேன். பன்னெண்டு, பதினாலு கிலோமீட்டர் தாண்டினா வெக்கமெல்லாம் போய் அருமையா வருது. வீட்டுக்கு வந்து குளிச்சு, ஆபீஸ் போய், அந்த சாரே நேர்ல வந்து நின்னா, "சாப்பிட்டீங்களா சார்"னு கேட்டுட்டு வந்துடுறேன்.

ஓடாம கேக்க வேண்டியதுதானேன்னு இப்ப ஒருத்தர் கேப்பார். "உன் முழங்கால் தேயறதுனால அந்தக் குழந்தைக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கு. எங்க பக்கம் வந்து பாருங்க. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, அந்த வட்டாரம் முழுக்க ஆடி மாசம் வந்தா மொய் விருந்து. காசு தேவைப்படுறவர் சும்மா வீடு வீடாப் போய்க் கேக்க மாட்டார். பந்தல் போட்டு, கிடா அடிச்சு, ஊரையே கூப்பிட்டு சோறு போடுவார். வர்றவங்க சாப்பிட்டுட்டு மேசையில உக்காந்திருக்கிறவர்கிட்ட மொய் எழுதிட்டுப் போவாங்க. வட்டி இல்ல. வாங்கினவர் மத்தவங்க விருந்துக்குப் போய்த் திருப்பி எழுதணும். 1997 ஆடியில எங்க அப்பா போட்டார், போர்வெல் இறக்கிறதுக்காக. யார்கிட்டயும் கையேந்தாத மனுஷன். காலையில ஒன்பது மணிக்கே ரோட்டுல போய் நின்னு, பஸ் வருதா, பஸ்ல ஆள் இறங்குதான்னு பாத்துக்கிட்டே இருந்தார். வெள்ளை வேட்டி, கையில ஒரு துண்டு, அதை முறுக்கிக்கிட்டே இருந்தார். எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. சோறு போடுறவர் எதுக்கு இப்படிப் பயப்படுறார்னு நெனச்சேன். இப்ப போனைக் கவுத்து வெச்சுட்டு அரிசி டப்பாவைத் தொறக்கும்போதுதான் புரியுது.

அப்பா சும்மா கேக்க முடியாம சோறு போட்டார். எனக்குக் கிடா அடிக்க வசதியில்ல, ஓடுறேன். அவ்வளவுதான் விஷயம். காசு கேக்குறதுக்காகத்தான் ஓடுறேன்.

"இதெல்லாம் அரசாங்கம் பண்ண வேண்டியது." பண்ணட்டும், யார் வேண்டாம்னா? அரசு ஆஸ்பத்திரியில இன்சுலின் குடுக்கிறாங்க, அதை நான் மறுக்கல. அதுக்காக மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? இதுக்கு மேல இதுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்ல.

"நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் போகுது?" இது நல்ல கேள்வி. நிஜமாவே நல்ல கேள்வி. நானும் கேட்டேன், தணிக்கை செஞ்ச கணக்கை அனுப்பினாங்க, யாருக்கு வேணும்னாலும் அனுப்புறேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன். இதைக் கேட்ட ஆறு பேர்ல ஒருத்தர்கூட அந்தக் கணக்கை அனுப்புன்னு சொல்லல.

அப்புறம் நேத்து ஒரு தம்பி கேப்டன் டாம் மூரோட செய்தியை அனுப்பி, "இதுக்கு என்ன சொல்றீங்க"ன்னார். சொல்றேன். 2020ல, கொரோனா ஊரடங்குல, இங்கிலாந்துல, தொண்ணூத்தொன்பது வயசு மனுஷர் நடைவண்டியைப் புடிச்சுக்கிட்டுத் தன் தோட்டத்துல நூறு சுத்து நடந்தார். ஆயிரம் பவுண்டு சேர்த்தாப் போதும்னு ஆரம்பிச்சது, 3 கோடியே 20 லட்சம் பவுண்டைத் தாண்டிப் போச்சு. அப்புறம் அவர் பேர்ல குடும்பத்தார் தொடங்கின அறக்கட்டளையில குடும்பமே ஆதாயம் அடைஞ்சிருக்குன்னு 2024ல அந்த நாட்டு அறக்கட்டளை ஆணையம் அறிக்கை விட்டுச்சு. உண்மைதான், படிக்க வயிறு எரிஞ்சுது. ஆனா தம்பி, முழுசாப் படிச்சீங்களா? அவர் நடந்து சேர்த்த அந்தக் கோடிகள் அந்த அறக்கட்டளைக்குப் போகவே இல்ல. பொது மருத்துவச் சேவைக்கான தொண்டு அமைப்புக்கு நேராப் போச்சு. அதுல யார் கையும் படல. நான் என் ஜிபே நம்பரைப் போடாம லிங்க்கைப் போட்டது எதுக்குன்னு நெனச்சீங்க?

டெர்ரி ஃபாக்ஸை எடுத்துக்கோங்க. புற்றுநோயால 1977ல வலது காலை எடுத்துட்டாங்க, செயற்கைக் காலோட 1980ல கனடாவைக் குறுக்க ஓடக் கிளம்பினார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்கு நோய் பரவினதால நடுவுல நிறுத்த வேண்டியதாச்சு, அடுத்த வருஷம் இருபத்திரெண்டு வயசுல போயிட்டார். நம்ம ஐஐடி மெட்ராஸ்லயே அவர் பேர்ல ஓட்டம் நடத்துறாங்க. இப்ப எல்லாரும் கும்பிடுறோம். ஓடுன முதல் வாரங்கள்ல சில ஊர்ல அவரைக் கண்டுக்க ஆளே இல்ல, நடுரோட்டை விட்டு ஓரமாப் போடான்னு ஹாரன் அடிச்சவங்களும் உண்டு. அப்ப வாட்ஸ்அப் இருந்திருந்தா யாராவது ஒரு அண்ணன் பொம்மை போட்டிருப்பார்.

அய்யோ, என்னை அவரோட ஒப்பிடுறேன்னு கிளம்பிடாதீங்க. எனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு, இடது முழங்காலைத் தவிர. ஓடப்போறதும் அரை மாரத்தான்தான்.

"விளம்பரத்துக்கு ஓடுறா, வேர்த்த மூஞ்சியோட போட்டோ போடுறா." போட்டோ போட்ட அன்னிக்கு நாலாயிரத்து இருநூறு வந்துச்சு. போடாத வாரத்துல சைபர். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்? அந்த மூஞ்சியைப் பாக்க எனக்கு மட்டும் ஆசையா?

உண்மையைச் சொல்லிடுறேன், காசு தரலைன்னு எனக்குக் கோவம் இல்ல. எல்லாருக்கும் இ.எம்.ஐ. இருக்கு, ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. "இப்ப முடியாதும்மா"ன்னு ஒரு வரி போட்டவங்க மேல எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கு. திருடின்னு சொன்னதுதான். சிரிச்சாப்ல சொன்னாலும் அது அதுதான். அந்த இருபத்தேழு பேர்ல எட்டுப் பேர் என் வீட்டுல சாப்பிட்டவங்க.

நான் கணக்குப் பாக்குறவ இல்ல. நேத்து ராத்திரி பாத்தேன். அப்பா பழக்கம், மொய் நோட்டு எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அண்ணனோட மூத்த பொண்ணு காதுகுத்து, ஆயிரத்து ஒண்ணு. புதுமனை புகுவிழா, ரெண்டாயிரத்து ஒண்ணு, குத்துவிளக்கு தனி. ரெண்டாவது பொண்ணு சடங்கு, மூவாயிரத்து ஒண்ணு. அண்ணி ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஹார்லிக்ஸ், ஆப்பிள், இதெல்லாம் நோட்டுல எழுதுறதில்ல. எங்க வீட்டுல பிள்ளைங்க இல்ல, அதனால விசேஷமும் இல்ல, திரும்பி வர்ற வழியும் இல்ல. வரணும்னு நெனச்சு எழுதவும் இல்ல. இதை இங்க எழுதியிருக்கக் கூடாதுன்னு தெரியுது. எழுதிட்டேன், அழிக்கப்போறதில்ல.

இன்னிக்கு வரைக்கும் முப்பத்தெட்டாயிரத்து நானூத்தி அம்பது. இலக்கு ஒரு லட்சம். ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம். நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர், அலாரம் மூணே முக்கால். லிங்க் முதல் கமெண்ட்ல இருக்கு. அம்பது ரூபாய்க்கும் ரசீது வரும்.

அண்ணே, தை மாசம் தம்பி கல்யாணப் பத்திரிகை வந்து சேந்துச்சு. கண்டிப்பா வருவேன். மொய்யும் எழுதுவேன். எவ்வளவுன்னுதான் இன்னும் முடிவு பண்ணல.