அந்தத் தடை 1973-லேயே வந்துவிட்டது

"அமெரிக்கர்களின் வரிப்பணத்தில் வெளிநாடுகளில் கருக்கலைப்பு நடக்கிறது, அதை நிறுத்தத்தான் மெக்சிகோ நகரக் கொள்கை" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பு செய்ய அமெரிக்க உதவிப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று 1973-லேயே ஹெல்ம்ஸ் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டப் பிரிவு சொல்லிவிட்டது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அது அமலில்தான் இருந்திருக்கிறது.

சரி, 1984-ல் ரீகன் அரசு அறிவித்த இந்த மெக்சிகோ நகரக் கொள்கை எதற்கு? அது கைவைப்பது வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் மற்ற பணத்தில். கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் நாட்டில் ஒரு சிறிய கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க உதவி வருகிறது. செவிலியரின் சம்பளம் வேறொரு நாட்டு நன்கொடை. தயங்கித் தயங்கிக் கேட்கும் பெண்ணுக்கு அந்தச் செவிலியர் கருக்கலைப்பு ஆலோசனை சொன்னால், மாத்திரைக்கான உதவியும் போய்விடும். வன்புணர்வு, தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற விலக்குகள் உண்டுதான். ஆனாலும் எதற்கு வம்பு என்று பலர் வாயே திறப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது.

2017-ல் டிரம்ப் அரசு இதை எச்ஐவி, மலேரியா உட்பட மொத்த உலகச் சுகாதார உதவிக்கும் விரித்தது. 2021-ல் பைடன் நீக்கினார், 2025-ல் திரும்ப வந்தது.

கருக்கலைப்பாவது குறைந்ததா? சஹாராவுக்குத் தெற்கே 26 நாடுகளை ஆராய்ந்து 2019-ல் லான்செட் இதழ்க் குழுமம் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கொள்கை அமலில் இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் அமெரிக்க உதவியை அதிகம் நம்பியிருந்த நாடுகளில், மற்றவற்றோடு ஒப்பிட்டால், கருக்கலைப்பு சுமார் 40 சதவீதம் கூடியதாகச் சொல்கிறது. அதே காலத்தில் அங்கே கருத்தடைப் பயன்பாடு குறைந்திருந்தது.