ஆயிரம் டாலர் கிளம்புச்சு, நடுவுல தின்னது யாரு?

வெளிநாட்டுக் கிளையன்ட் அடிச்சுச் சொல்றான், நாம செஞ்ச வேலைக்கு முழுசா 1,000 டாலர் அனுப்பிட்டேன்னு. இங்க பேங்க்ல அடிச்சுச் சொல்றாங்க, எங்க கைக்கு வந்ததே 980 தான்னு. ரெண்டு பேர் சொல்றதும் நெசம். நடுவுல நின்னு பணத்தைக் கைமாத்தி விடுற, பேர் தெரியாத ஒரு கரஸ்பாண்டன்ட் பேங்க் 20 டாலரை உருவிட்டு, மிச்சத்தைத் தள்ளி விட்டிருக்கும். நமக்கு ஒரு ரசீது கூடக் கிடையாது.

சரி, 980 வந்துச்சுன்னே வைங்க. கூகுள்ல டாலர் 85 ரூபாய்னு காட்டுற அன்னைக்கு பேங்க் நம்ம டாலரை வாங்குற விலையா, டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் ரேட்னு 84 போடும். இங்கயே 980 ரூபாய் காலி. இதைக் 'கட்டணம்'னு எந்த ஸ்டேட்மென்ட்லயும் பார்க்க முடியாது, ரேட்டுக்குள்ள புதைச்சு வச்சிருப்பாங்க. அப்புறம் கரன்சி மாத்துனதுக்கு ஜிஎஸ்டி. 1 லட்சம் வரைக்கும் மாத்துற தொகைல 1 சதவீதத்தை (குறைஞ்சது 250 ரூபாய்) சேவை மதிப்பா எடுத்து அதுக்கு 18 சதவீதம். 980 டாலருக்கு 84 வீதம் வர்ற 82,320 ரூபாய்க்கு 148 ரூபாய். 85,000 எதிர்பார்த்த இடத்துல 82,172. இதுல, உள்ள வர்ற பணத்துக்கு பேங்க் எடுக்குற இன்வேர்ட் கமிஷன் இன்னும் சேரல!

அதுக்கு பேபால் மாதிரி ஆன்லைன் வாலட் தேவலைன்னு நினைச்சா அது இன்னும் மோசம். 4 சதவீதத்துக்கு மேல கட்டணம், ரேட்ல இன்னொரு 3, 4. ஆயிரத்துக்கு 70, 80 டாலர் போயிடும். சின்னத் தொகை, 100, 150 டாலர்னா மட்டும் வாலட் பரவாயில்லை. அதுக்குப் போய் 20 டாலர் வெட்டுற ஸ்விஃப்ட்ல (பேங்க்ல இருந்து பேங்க்குக்குப் போற வழி) அனுப்பச் சொல்றது பைத்தியக்காரத்தனம்.

இன்வாய்ஸ்லயே 'எல்லாச் செலவும் அனுப்புறவருக்கு, ஓ-யு-ஆர்'னு எழுதிடுங்க. சும்மா விட்டா பெரும்பாலும் எஸ்எச்ஏ-வா (செலவை ரெண்டு பக்கமும் பகிர்றது) போகும், வழியில வெட்டு நம்ம தலைலதான். ஓ-யு-ஆர் போட்டும் சில சமயம் வெட்டுவாங்க, அப்போ கிளையன்ட்கிட்ட, அவரோட பேங்க் அனுப்புன ஸ்விஃப்ட் மெசேஜ் காப்பி கேளுங்க (முன்னாடி இதுக்கு எம்டி103னு பேர், 2025 நவம்பரோட அதுக்குப் பதிலா பேக்ஸ்.008 வந்தாச்சு). யார் செலவுன்னு போட்டு அனுப்புனாங்கன்னு அதுல இருக்கும். அந்தக் காப்பி இல்லாம பேங்க்ல சண்டை போட்டுப் பிரயோஜனமே இல்லை.

இதையெல்லாம் விட எரிச்சல் இனிஷியல்தான். வெளிநாட்டு ஃபார்ம்ல 'லாஸ்ட் நேம்' கட்டாயம். நமக்கு ஏது லாஸ்ட் நேம்? பாஸ்புக்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, பான் கார்டுல அப்பா பேர் முழுசா. ஒரே ஆளு, மூணு பேர்! பணம் 'பெயர் பொருந்தவில்லை'ன்னு நிக்கும், இல்லைன்னா திரும்பிப் போகும், போற வழியிலயும் வெட்டு உண்டு. பேங்க் கணக்குப் பேரைப் பான்ல இருக்கிற மாதிரி மாத்திட்டு, இன்வாய்ஸ்லயும் எழுத்துக்கு எழுத்து அதையே போடறதுதான் வழி.

அடுத்து கிளையன்ட் ஐபேன் (சர்வதேச பேங்க் கணக்கு எண்) கேப்பான். இந்தியாவுல ஐபேனே கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்றது? ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து, ஸ்விஃப்ட் 8 அல்லது 11. ரெண்டும் 11-ஆ இருந்தா ஒண்ணு இடத்துல இன்னொண்ணைப் போட்டுடறான். நம்ம கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு பெரும்பாலும் இருக்காது. எந்தக் கிளையோட கோடு குடுக்கணும்னு முதல்லயே பேங்க்ல கேட்டு வாங்கிடுங்க.

பணம் எதுக்கு வந்துச்சுன்னு பேங்க் குறிக்கிற பர்ப்பஸ் கோடு கதை தனி. சாஃப்ட்வேர் ஆலோசனைன்னா பி0802, மேலாண்மை ஆலோசனைன்னா பி1006. பேங்க் அனுப்புற மெயிலுக்குப் பதில் போடாம விட்டா பணம் அங்கயே கிடக்கும். இல்லைன்னா கவுண்டர்ல இருக்கிறவர் தானாவே பி1301 தட்டிடுவார். அது குடும்பப் பராமரிப்புக்கு வர்ற பணம்! ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு புரோகிராம் எழுதுனா, யாரோ மாமா அனுப்பின மாதிரி ஆயிடுது. வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கு பேங்க் தர்ற ஃபிரா சீட்டுலயும் அப்படியே ஏறிடும். எல்யுடி-ங்கிற உறுதிமொழிக் கடிதம் குடுத்து ஜிஎஸ்டி கட்டாம ஏற்றுமதி காட்டுறவங்களுக்கு அதுதானே ஆதாரம்? இன்வாய்ஸ் நகலோட கடுதாசி எழுதிக் குடுத்துத் திருத்தணும்.

அந்த ஃபிராவை வாங்குறதுக்குள்ள படுற பாடு இருக்கே! 2016லயே பழைய காகித எஃப்ஐஆர்சியை (வெளிநாட்டுப் பண வரவுச் சான்றிதழ்) சேவை வரவுகளுக்கு நிறுத்தியாச்சு, இன்னும் ஆடிட்டர் எஃப்ஐஆர்சின்னு கேக்குறார், கிளைல போனா 'அதெல்லாம் இப்ப தர்றதில்ல சார்'னு அனுப்பிடறாங்க. 'ஃபிரா'ன்னு பேர் சொல்லி, ரெஃபரன்ஸ் நம்பரோட, ஃபாரெக்ஸ் டெஸ்க்குக்கு மெயில் போடுங்க. சில பேங்க்ல அந்த ஒரு தாளுக்கும் காசு, அதுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.