கேம் விலை இறங்காவிட்டால் தங்கம் ஆகிவிடுமா?

“நின்டெண்டோ கேம் தங்கம் மாதிரி, விலையே இறங்காது, வாங்கினால் நட்டமில்லை” என்று இலங்கையின் ஹட்டன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

நின்டெண்டோ ஒரு ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனம். 2017இல் சுமார் 60 டொலருக்கு வந்த அதன் கார் ஓட்டும் கேம் ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ பல வருடம் கழித்தும் அதே விலைதான். ஆனால் விற்றுக் காசாக்க கையில் கார்ட்ரிட்ஜ் இருக்க வேண்டும். கேம் பதிந்த, தபால்தலை அளவு சில்லு அது, தொலைந்தால் போச்சு. டவுன்லோட் செய்த கேம் உங்கள் கணக்கோடு ஒட்டியது, யாருக்கும் விற்க முடியாது.

“முன்பு 12,000 ரூபாய், பிறகு 21,000, பார்த்தீர்களா?” என்றும் அதில் இருக்கிறது. ஏறியது கேம் இல்லை ஐயா, டொலர்! 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. அதே 60 டொலர்தான்.

விலை இறங்காததில் லாபம், விளையாடி முடித்ததும் கார்ட்ரிட்ஜைக் கைமாற்றுகிறவருக்கு. ஸ்டீம் என்ற கணினி கேம் இணையக் கடையில் தள்ளுபடிக்குக் காத்திருந்து பாதி விலைக்கு வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இது நட்டம்தான். தோட்டத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிற வீட்டில் இன்னும் அதிகம்.