புளியங்கொட்டை இருக்கையில் கிட் எதற்கு?
மூன்று வயதுப் பிள்ளையின் விரல்களுக்கு வலு வர 'ஆக்டிவிட்டி கிட்' என்ற விளையாட்டுப் பொருள் பெட்டியை வாங்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. படித்ததும் எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

மாசி, பங்குனியில் புளி உடைக்க உட்கார்ந்தால் பேத்தியும் வந்து ஒட்டிக்கொள்வாள். ஓட்டை நொறுக்குவதும் நாரை உரிப்பதும் அவள் பொறுப்பு. கொட்டை எடுப்பது மட்டும் எங்கள் வேலை. சின்னதுகள் கையில் கொட்டையைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. அதே கொட்டையில் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 காய், மொத்தம் 70. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதில் எண்ணிக்கை தானாக வந்துவிட்டது. அடுத்தவர் ஆடும்வரை பொறுத்திருப்பதுதான் இன்னும் வரவில்லை, பாதி ஆட்டத்தில் அழுகை.

சித்திரை வெயிலில் வடாம் காயும்போது காக்கா விரட்டும் உத்தியோகம் அவளுக்கு. மார்கழியில் வாசலில் மூன்று புள்ளிக் கோலம். கோடு எப்படிப் போனாலும் அழிக்க விடமாட்டாள்.

ஃபிளாட்டில் திண்ணைக்கு எங்கே போக என்பீர்கள். என் மகளும் ஃபிளாட்டில்தான் இருக்கிறாள். அங்கே முருங்கைக்கீரை உருவுவது, பனிக்காலத்தில் பச்சைப் பட்டாணி உரிப்பது. கால்மணி நேர வேலை முக்கால் மணி ஆகும், தரையெல்லாம் குப்பை. அவசரமான நாளில் பேசாமல் டிவியைப் போட்டுவிடுகிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.