பெட்டியில் 3600, ஓடுவது 2133

கம்ப்யூட்டருக்கு ராம், அதாவது மெமரி ஸ்டிக், வாங்கினேன். வேகம் 3600 என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். ராம் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலும் 3600. பில்லிலும் 3600. வாங்கிய காசும் 3600 வேகத்துக்கு உண்டான காசுதான், அதில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. மாட்டிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் போய்ப் பார்த்தால், ஸ்பீடு என்ற இடத்தில் 2133. வயிறு எரியுமா எரியாதா?

மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறவன் நான். தை பிறந்துவிட்டால் முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். மூன்று கேமராவில் எடுத்த 4கே வீடியோவை ஒன்றாகப் போட்டு ஓட்டினால் படம் திக்கித் திக்கிப் போகும். கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்கும், மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி அப்படியே உறைந்து நிற்பார். எந்த இடத்தில் வெட்டுவது, எந்த கேமராவுக்கு மாற்றுவது என்று எப்படி முடிவெடுப்பது? பழைய 16 ஜிபி பத்தாது என்றுதான் 32 ஜிபி வாங்கப் போனேன். இரண்டு 16 ஜிபி ஸ்டிக், டிடிஆர்4 வகை.

கடை தஞ்சாவூரில். பெயர் வேண்டாம். பி450 மதர்போர்டு, ரைசன் 5 3600 பிராசசர் (இந்த 3600 மாடல் பெயர், ராம் வேகமல்ல) என்று துண்டுச்சீட்டில் எழுதியே கொடுத்தேன். கேபினட்டையும் பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி சீட்டைப் பார்த்தாரோ இல்லையோ, "பழைய ராமை ஏன் கழட்டணும் அண்ணே? நாலு ஸ்லாட் இருக்குல்ல, நாலையும் ரொப்பிடுவோம். மொத்தம் 48 ஜிபி ஆயிடும், பறக்கும் பாருங்க" என்று அவரே மாட்டிக் கொடுத்தார். 48 ஜிபி வந்தது உண்மை. பறப்பதுதான் வரவில்லை.

போன் போட்டேன். "தம்பி, 2133 காட்டுதே?" என்றால், "விண்டோஸ் அப்டேட் பண்ணிப் பாருங்கண்ணே" என்கிறார். பண்ணினேன். மறுபடி போட்டால் "ஒரு தடவை பார்மேட் அடிச்சிருங்க" என்கிறார். ராம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே, விண்டோஸ் கண் முழிப்பதற்கு முன்னாலேயே, மதர்போர்டு முடிவு செய்துவிடுகிறது. அதில் விண்டோஸுக்கு என்ன வேலை? உள்ளூரில் சர்வீஸ் பார்க்கிறவரைக் கூப்பிட்டால் அவர் பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்தார். ராமின் தங்க நிறக் காலை ரப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டினார். அறுப்புக் காலத்தில் வைக்கோல் தூசி ஏறி ராம் கண்டுகொள்ளப்படாமல் போகிற ஊர் இது, அதற்கு ரப்பர் நல்ல வைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகம் குறைவதற்கும் அழுக்குக்கும் சம்பந்தமில்லை. வந்ததற்கு முந்நூறு ரூபாய்.

சரி, விஷயம்தான் என்ன? இத்தனை பேரில் ஒருத்தரும் சொல்லாததை நான் சொல்கிறேன். ஒவ்வொரு ராம் ஸ்டிக்கிலும் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. எஸ்பிடி என்பார்கள். இந்த ராம் எந்தெந்த வேகத்தில், எந்த டைமிங்கில், எத்தனை வோல்ட்டில் ஓடும் என்ற அட்டவணை அதற்குள் எழுதியிருக்கும். மதர்போர்டு முதலில் படிப்பது ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த பொதுவான, ஆபத்தில்லாத வரிசையை. என் ஸ்டிக்கில் அது 2133, 1.2 வோல்ட். டிடிஆர்4-க்கு ஜெடெக் வைத்த உச்சமே 3200-தான். பெட்டியில் இருக்கிற 3600 அந்தக் கணக்கிலேயே வராது. அது எக்ஸ்எம்பி என்ற தனி வரிசையில், 1.35 வோல்ட்டில் ஓடுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். இன்டெல் 2007-இல் டிடிஆர்3 காலத்தில் கொண்டுவந்த ஏற்பாடு. விண்டோஸுக்கு முன்னால் வருகிற மதர்போர்டின் செட்டிங் பக்கமான பயாஸுக்குள் நாம் போய் அதை ஆன் செய்யாத வரைக்கும் 3600 என்பது ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கும்.

மதர்போர்டு தானாக வோல்ட்டை ஏற்றாதது சரிதான். நாளைக்கு ஏதாவது ஒன்று புகைந்தால் யார் பதில் சொல்வது? அதில் எனக்குச் சண்டையில்லை. அதை ஏன் பெட்டியில் எழுதவில்லை என்பதுதான் என் சண்டை. மிக்சி வாங்கினால்கூட "எந்த ஜாரை எந்த ஸ்பீடில் ஓட்டலாம்" என்று ஒரு தாள் வைக்கிறான். இங்கே ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, வாழ்நாள் வாரண்டி என்று பெருமையடித்துக்கொண்டு, "இந்த வேகம் வேண்டுமானால் பயாஸில் இதை ஆன் செய்" என்று ஒரே ஒரு வரி போட மாட்டானாம். பெட்டிக்குள் இருந்தது என்ன தெரியுமா? கேபினட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர்!

அந்த செட்டிங்கும் ஒரே பெயரிலா இருக்கிறது? ஒரு கம்பெனி போர்டில் எக்ஸ்எம்பி என்றே இருக்கும். இன்னொன்றில் ஏ-எக்ஸ்எம்பி. வேறொன்றில் டிஓசிபி. டிடிஆர்5-க்கு வந்த பிறகு ஏஎம்டி 2022-இல் எக்ஸ்போ என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது. செய்கிற வேலை எல்லாம் ஒன்றுதான். டெலீட் கீயைத் தட்டித் தட்டி உள்ளே போனவன் எந்த மூலையில் என்ன பெயரைத் தேடுவான்?

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. யாரோ சொன்னார்கள் என்று சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அதில் 1066! நெஞ்சே நின்றுவிட்டது. இருந்ததும் போச்சா என்று பதறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. டிடிஆர் என்றாலே ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போகும். துடிப்பை எண்ணினால் 1066, போகிற டேட்டாவை எண்ணினால் 2133. இரண்டும் ஒரே வேகம்தான். இத்தனை வருஷமாக விற்கிறவர்கள் பெரிய எண்ணைப் போட்டு மெகாஹெர்ட்ஸ் என்று தப்பாகவே சொல்லிப் பழக்கிவிட்டார்கள். 3600 ஸ்டிக்கின் அசல் துடிப்பு 1800 மெகாஹெர்ட்ஸ்தான்.

எக்ஸ்எம்பியைத் தேடிப் பிடித்து ஆன் செய்தேன். சேவ் செய்ததும் ஃபேன் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது, நிற்கிறது. திரை இருட்டு. கடைசியில் போர்டே கையை விரித்துவிட்டுப் பழைய 2133-க்குத் திரும்பிவிட்டது. காரணம் அந்தத் தம்பி ரொப்பிக் கொடுத்த நாலு ஸ்லாட். பழைய இரண்டும் 2666 ராம், புதுசு இரண்டும் 3600. ஒன்றாகக் கட்டினால் எல்லாம் மெதுவானதின் நடைக்குத்தான் வரும். அது போதாதென்று, நாலு ஸ்டிக் மாட்டினாலே பிராசசருக்குள் இருக்கிற மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். என் ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டியே வெளியிட்ட கணக்கு இது: இரண்டு ஸ்டிக் என்றால் 3200 வரை, நாலு என்றால் 2933, அந்த நாலும் டூயல் ரேங்க் (ஒரே ஸ்டிக்கில் இரண்டு தொகுதிச் சிப்) வகை என்றால் 2667. அதற்கு மேல் போனால் அவரவர் அதிர்ஷ்டம். நாலையும் ரொப்பி 3600-இல் பறக்கவிடுகிறேன் என்று ஒருத்தர் சொல்கிறார் என்றால், ராம் விற்கிறவருக்கு இதெல்லாம் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா? எது உண்மையாக இருந்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பழைய இரண்டையும் கழற்றினேன். புது இரண்டையும் பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் வருகிற இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் மாட்டினேன். பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டுகளில் இதுதான் சரியான இடம், போர்டு புத்தகத்திலும் படம் போட்டிருக்கிறது. எக்ஸ்எம்பி ஆன். முதல் தடவையிலேயே 3600. ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. ராமிலும் குற்றமில்லை, போர்டிலும் குற்றமில்லை. ரைசனில் ராம் வேகத்தோடு பிராசசரின் உள் இணைப்பும் சேர்ந்து ஓடுவதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. மாப்பிள்ளை ஒருவழியாகத் தாலியைக் கட்டினார்.

அத்தோடு முடிந்ததா? மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரும் மத்தியானமே படுத்துவிட்டது. சாயங்காலம் ஆன் செய்தால் மறுபடி படம் திக்குகிறது. பார்த்தால் 2133! மதர்போர்டில் எட்டணா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்பார்கள். கரண்ட் அடியோடு இல்லாத நேரத்தில் பயாஸ் செட்டிங்கைக் காப்பாற்றுவது அதுதான். அது செத்துப்போனால் கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் தேதியும் போகும், எக்ஸ்எம்பியும் போகும். திரையில் இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி வந்து, எஃப்1 அழுத்து என்று நிற்கும். என் கடையில் வேலை பார்க்கிற பையன் எஃப்1-ஐ அழுத்திவிட்டு அவன் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்துவிட்டான். அவனைச் சொல்லி என்ன, யார்தான் அதை நின்று படிக்கிறார்கள்? அந்த பேட்டரி விலை ஒரு சாப்பாட்டுக் காசுகூட வராது. பழைய கேபினட்டைத் திறந்து இவ்வளவு விலைக்கு ராம் மாட்டுகிற கடைக்காரர், கையோடு அதையும் மாற்றிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்? டெல்டாவில் கரண்ட் போகாத ஊர் எது இருக்கிறது?

என் கதையாவது தேவலாம். திருத்துறைப்பூண்டியில் ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கும் என் மச்சான் கதை இன்னும் மோசம். அதே தஞ்சாவூர் கடை, அதே 3600 ராம். அவர் வைத்திருப்பது எச்510 போர்டு, பத்தாம் தலைமுறை ஐ5. எச்510-இல் மெமரியை ஓவர்கிளாக் செய்ய, அதாவது வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, இன்டெல்லே வழி வைக்கவில்லை, அந்த ஐ5-க்கு உச்சம் 2666. பயாஸை எத்தனை தரம் புரட்டினாலும், பேட்டரி மாற்றினாலும், ரப்பரைத் தேய்த்துத் தீர்த்தாலும் 2666-க்கு மேல் ஒரு புள்ளி ஏறாது. ஜூன் 12 மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தாயிற்று என்று பேப்பரில் போடுகிறான், கடைமடையில் நாம் வாய்க்காலில் இறங்கி நின்றால் கணுக்கால்கூட நனைவதில்லை. மச்சான் வாங்கிய 3600-ம் அந்தக் கணக்குதான். அவருடைய போர்டுக்கு 2666 ராமே போதும், விலையும் குறைவு. கடைக்காரர் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: "என்ன போர்டு வச்சிருக்கீங்க?"

டிடிஆர்5-க்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்காதா? அங்கே கடையில் கிடைக்கிற ஸ்டிக் பெரும்பாலும் 4800-இல் ஆரம்பம், 6000 என்று பெட்டியில் போட்டிருப்பான், எக்ஸ்போவை ஆன் செய்யாமல் அது வராது. ரைசன் 7000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5200, நாலு மாட்டினால் 3600. என் பழைய டிடிஆர்4 வேகம்! ராம் மாட்டி முதல் தடவை ஆன் செய்தால் ராமுக்கு ஏற்ற செட்டிங்கை போர்டு தேடிப் பார்க்கிற ட்ரெய்னிங் என்று சொல்லிச் சில நிமிஷம் திரை இருட்டாகவே கிடக்கும். அதுவும் பெட்டியில் இருக்காது. நம்மாள் செத்துப்போச்சு என்று ஸ்விட்சை அணைப்பான், மறுபடி போடுவான், அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் இதே விவகாரத்துக்காக, விளம்பரம் செய்த வேகம் வாங்கியதும் கிடைக்கவில்லை என்று ஒரு பெரிய மெமரி கம்பெனி மேல் கோர்ட்டுக்கே போனார்கள். தப்பு எதையும் ஒத்துக்கொள்ளாமலே அந்தக் கம்பெனி 55 லட்சம் டாலருக்கு சமரசத்துக்கு வந்தது. இங்கே நமக்குக் கிடைப்பது "பார்மேட் அடிச்சிருங்கண்ணே".

மச்சானுக்காக நானே கடைக்குப் போன் போட்டேன். "போர்டு தாங்காத ராமைத் தலையில் கட்டியிருக்கீங்க, திரும்ப எடுத்துக்கிட்டு 2666 கொடுங்க தம்பி, மிச்சக் காசைக்கூட நாங்க கேட்கலை" என்றேன். சீல் பிரித்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டாராம், கம்பெனி ரூலாம். சீலைப் பிரிக்காமல் எந்த ராம் எந்த போர்டில் என்ன வேகத்தில் ஓடும் என்று பார்க்க முடியும் என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து ரொம்ப அன்பாகச் சொன்னார்: "ராம் நல்ல ராம்ணே, அதை ஏன் மாத்துறீங்க? உங்க மச்சானை ஒரு பி560 போர்டு போட்டுக்கச் சொல்லுங்க. பிராசசரையும் சேர்த்து மாத்திட்டா இன்னும் நல்லாருக்கும். நம்மகிட்டயே இருக்கு, ரேட்டு பார்த்துப் போட்டுத் தரேன்."

போனை வைத்துவிட்டேன். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிடுவார், ராம் வாங்குவதற்கு அல்ல.